அரிசிப் பல்

“பார்த்தும்மா, பார்த்து! அச்சு நழுவப் பார்க்குது. கீழே போட்டீன்னா டாக்டர் என் பல்லைத்தான் பிடுங்குவாரு.”

பல் ஆஸ்பத்திரியிலிருந்து அச்சுகளைக் கொண்டுவருபவர் சொல்லிவிட்டுச் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பல் செட் செய்யும் வேலை அவளுக்கு. ஊரார் வாயெல்லாம் பிளாஸ்டர் அச்சாக அவள் மேஜைக்கு வந்து போயிருக்கிறது. ஆனால் இப்படி ஒரு வாயை அவள் தன் வீட்டைத் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை.

மேல்வரிசையில் நடுவே இரண்டு பெரிய பற்கள். அவற்றுக்கு வலப்பக்கம் அரிசி போல ஒரு குட்டிப் பல். இடப்பக்கம் பல்லே கிடையாது, வெறும் ஈறு. அவள் கணவனுக்கு அப்படியே இதே வாய். பால்பல் விழுந்து முளைத்தபோது மகளுக்கும் அதே அரிசி, அதே ஓட்டை. ‘அப்பன் சொத்து வந்து சேர்ந்தாச்சு’ என்று வீடே அதிரக் கேலி செய்தவள் அவள்தான்.

“இது யாரோடது அண்ணே?”

“பத்து வயசுப் பையன். அந்த ஒரு பல்லு முளைக்கவே இல்லையாம். பரம்பரையா வர்றதாம். நேத்து சாயந்திரம் அவங்கப்பா கூட்டிட்டு வந்தாரு. டாக்டர் அவரையும் வாயைத் திறக்கச் சொன்னா, அங்கேயும் இதே கதை! பாவம், மனுஷன் கையால வாயைப் பொத்திக்கிட்டுத்தான் சிரிக்கிறாரு.”

அவள் கணவனும் அப்படித்தான் சிரிப்பான். நேற்று சாயந்திரம் இரண்டு தடவை கூப்பிட்டும் அவன் போனை எடுக்கவில்லை.

வேலை முடிந்ததும் அச்சைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாள். மகள் விளையாடப் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு டீ குடித்துக்கொண்டிருந்த கணவனின் முன்னால் அதை வைத்தாள்.

பக்கத்தில் மாமியார் துணி மடித்துக்கொண்டிருந்தார். இருக்கட்டும், அவருக்கும் தெரியட்டும் என்று நினைத்தாள். மாமியார் அவளை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. மகனுக்கு நினைவு தெரியும் முன்பே பல்லெல்லாம் போய்விட்ட அவருக்கு, கல்யாணமாகி வந்த புதிதில் பல் செட் செய்து கொடுத்ததே அவள்தான். பழைய பல் போலவே அமைக்கலாமே என்று, தொழில் வழக்கப்படி, அவர் சிரிக்கிற பழைய போட்டோ ஒன்று கேட்டாள். “சிரிச்ச போட்டோவே இல்லம்மா. வரிசையா வெச்சிடு, போதும்” என்று சொல்லிவிட்டார்.

“இது யாருன்னு தெரியுதா?”

கணவன் அச்சைத் திருப்பிப் பார்த்தான். “அட, நான்தான்! எப்ப எடுத்தே?”

“நீங்க இல்ல. பத்து வயசுப் பையன். அவங்கப்பாவுக்கும் இதே பல்லாம். வாயைப் பொத்திக்கிட்டுத்தான் சிரிப்பாராம்.”

அவன் முகம் வெளுத்தது. “என்ன சொல்ல வர்றே?”

“நீங்க சொல்லுங்க. நேத்து சாயந்திரம் எங்கே போனீங்க?”

“பைத்தியமா உனக்கு? உலகத்துல இந்தப் பல்லு எனக்கு மட்டும்தானா?”

“குட்டிப் பல்லும் பார்த்திருக்கேன், ஓட்டையும் பார்த்திருக்கேன். ரெண்டும் ஒரே வாயில, இதே பக்கத்துல, உங்க குடும்பத்துல மட்டும்தான் பார்த்திருக்கேன்.”

“எங்க குடும்பமா? அதோ எங்கப்பா போட்டோ. பல்லெல்லாம் முத்து கோத்த மாதிரி இருக்கு, பாரு!”

“பேச்சை மாத்தாதீங்க!” அவள் அச்சை அவன் கையிலிருந்து பிடுங்கி மேஜைமேல் வைத்தாள். “பையனுக்குப் பத்து வயசு, நமக்குக் கல்யாணமாகி ஒன்பதே வருஷம். கல்யாணத்துக்கு முன்னாடியே ஒரு பிள்ளையைப் பெத்து எங்கேயோ விட்டுட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி இந்த வீட்டுல குடும்பம் நடத்த எப்படி மனசு வந்துச்சு? உடம்புல ஓடுறது ரத்தமா, தண்ணியா?”

மாமியார் கையிலிருந்த துணி நழுவி விழுந்தது.

“நேத்து அம்மாவுக்குத் திடீர்னு கண்ணு வலி. கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அங்கே போனை அணைக்கச் சொல்லிட்டாங்க. உனக்கு நம்பிக்கை இல்லன்னா அம்மாவையே கேளு!”

“சொல்லுங்க அத்தை. இவர் உங்ககூடத்தான் இருந்தாரா?”

மாமியார் அச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. மகளின் துணிகளை எடுத்துக்கொண்டு இன்றைக்கே கிளம்பிவிட வேண்டியதுதான்.

“அம்மா, வாயைத் திறந்து சொல்லும்மா! என் குடும்பமே போகுது!”

மாமியார் எழுந்து வந்தார். மருமகள் செய்து கொடுத்த வரிசையான பல் செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அச்சிலிருந்த அரிசிப் பல்லை விரலால் மெல்லத் தடவினார்.

“இவன் எங்கூடத்தான் இருந்தான்மா,” என்றார் பொக்கை வாயோடு. “கல்யாணத்துக்கு முன்னாடி பிள்ளையைப் பெத்து விட்டுட்டு வந்தது இவன் இல்ல, நான். என் மூத்தவனும் என்னை மாதிரியே வாயைப் பொத்திக்கிட்டுத்தான் சிரிக்கிறானா?”