முடிவு சொல்லாத மெஷின்

"ஏங்க, கடைப் பக்கம் திரும்பாதீங்க! தரையைப் பார்த்துக்கிட்டே வேகமா நடங்க" என்றாள் ரஷ்மி.

மதன்குமார் மழைக்கோட்டின் தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டான். சனிக்கிழமை மத்தியானம், ரானுயி என்ற அந்த வெளிநாட்டு ஊரின் கடைத்தெருவில், வங்கியைக் கொள்ளையடிக்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு பதுங்கி நடந்திருக்க மாட்டார்கள். இவர்கள் போனதோ ஒரு டிவிடியை வாடகைக்கு எடுக்க.

பதுங்கியதற்குக் காரணம் நவரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர். அவர் கடையின் முன்பாதியில் தேங்காய், மிளகாய்த்தூள். பின்பாதியில் வாடகைக்கு டிவிடி. தங்கமான மனிதர். மழை பெய்தால் சொந்தக் குடையைக் கொடுத்தனுப்பிவிட்டு நனைந்துகொண்டே வீட்டுக்குப் போவார். ஒரே ஒரு வியாதிதான். டிவிடியைக் கையில் கொடுக்கும்போதே படத்தின் முடிவையும் சொல்லிவிடுவார்.

"கடைசியில அண்ணன்காரன் செத்துப்போவான் தம்பி. எண்டாலும் நல்ல படம்" என்று பையில் போட்டுத் தருவார்.

முடிவு தெரிந்த படத்தை எவன் முழுசாகப் பார்ப்பான்? ரானுயித் தமிழர்கள் இரண்டாம் பாதி என்ற ஒன்றைக் கண்ணால் கண்டே வருஷக்கணக்காகிறது. பிறந்தநாள் விருந்துகளில்கூட இடைவேளை வரைக்கும்தான் கதை பேசுவார்கள். அதற்குமேல் பேச ஒன்றுமில்லாமல் கேக்கை வெட்டிவிடுவார்கள்.

ரஷ்மியும் மதன்குமாரும் வேறு வழி தேடாமலில்லை. நூலகத்தில் பெயர் கொடுத்து வைத்தார்கள். படம் கைக்கு வந்து சேர்ந்தபோது அதில் குழந்தையாக நடித்தவனுக்குக் கல்யாணமே ஆகியிருந்தது. நத்தை வேக இன்டர்நெட்டில் போட்டுப் பார்த்தார்கள். கதாநாயகன் மாடிப்படியில் கால் வைத்தபோது ரஷ்மி அரிசி களைந்தாள், அவன் மேலே போய்ச் சேருவதற்குள் சாப்பிட்டுக் கை கழுவியாகிவிட்டது.

அப்போதுதான் சூப்பர்மார்க்கெட் வாசலில் அந்தச் சிவப்பு மெஷின் வந்து நின்றது. கார்டைச் செருகினால் படம் தரும்.

"ஒரே ஒரு தடவை, கொலைகாரன் யாருன்னு தெரியாம ஒரு கொலைப் படம் பார்த்துடணும்ங்க. அதுக்கப்புறம் எனக்கு எதுவுமே வேண்டாம்" என்றாள் ரஷ்மி.

மதன்குமார் திரையில் கலங்கரை விளக்கம் போட்ட படத்தைத் தொட்டான். கார்டைச் செருகினான். மெஷின் வயிற்றைக் கலக்கியது போல உறுமிவிட்டு, நாக்கை நீட்டுகிற மாதிரி டிவிடியை நீட்டியது.

"என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணுமே சொல்லலை ரஷ்மி!"

"வாயே திறக்கலையா?"

"சுத்த ஊமை!"

இருவரும் கைகோத்துக் குதித்தார்கள். தள்ளுவண்டியோடு வந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள், லாட்டரி விழுந்துவிட்டது என்று நினைத்து வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

"என்ன தம்பி, இஞ்சால பக்கம்?"

கையில் பால் பாட்டிலோடு நவரத்தினம் நின்றுகொண்டிருந்தார்.

ரஷ்மி டிவிடியைச் சட்டென்று மழைக்கோட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

"ஒளிக்காதேங்கோ பிள்ளை. எனக்கென்ன கோவம்? மெசினும் பிழைக்கத்தானே வேணும். எண்டாலும் பாவம், அதுக்கு ஒரு வார்த்தை கதைக்கத் தெரியாது. என்ன படம்?"

"அண்ணே, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறோம், எதுவும் சொல்லிடாதீங்க!" என்று மதன்குமார் காதைப் பொத்திக்கொண்டான். ரஷ்மியும் பொத்தினாள். காதைப் பொத்த இரண்டு கை வேண்டுமே! பிடி விட்டதும் டிவிடி நழுவித் தரையில் விழுந்தது.

நவரத்தினம் குனிந்து எடுத்தார். அட்டையைப் பார்த்தார்.

"ஓ, உதோ? தாடி வைச்ச டொக்டர்தான் கொலைகாரன். நல்ல படம், பாருங்கோ." இருவரும் காதைப் பொத்தியிருந்ததால் கொஞ்சம் உரக்கவே சொன்னார்.

இழவு வீட்டிலிருந்து திரும்புகிறவர்கள் போல வீட்டுக்கு வந்தார்கள்.

"எடுத்தது எடுத்தாச்சு. வழக்கம்போலப் பாதி வரைக்கும் பார்ப்போம்" என்று மதன்குமார் படத்தைப் போட்டான். சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்ளவும் தயாரானான்.

கொஞ்ச நேரத்தில் ரஷ்மி வீறிட்டாள். "ஏங்க! தாடி டாக்டர் பிணமா மிதக்கிறார்!"

மதன்குமார் துள்ளி எழுந்தான். "செத்தவன் எப்படிக் கொலை பண்ணுவான்?"

"அப்ப கொலைகாரன் வேற யாரோ!"

"நவரத்தினம் அண்ணன் சொன்னதே தப்பாப் போச்சு ரஷ்மி!"

அதற்குமேல் அந்த வீட்டில் யாரும் மூச்சு விடவில்லை. குக்கர் தன்பாட்டில் விசிலடித்து, கேட்க ஆளில்லாமல் அலுத்து ஓய்ந்தது. கடைசிக் காட்சியில் இருவரும் சோபாவின்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார்கள். படம் முழுக்க எல்லாருக்கும் பவ்யமாகச் சூப் ஊற்றிக்கொண்டிருந்த சமையல்காரி ஏப்ரனுக்குள்ளிருந்து கத்தியை எடுத்தபோது, ரஷ்மி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் வேலி தாண்டி ஓடிவிட்டது.

மழையையும் பார்க்காமல் கடைக்கு ஓடினார்கள்.

"அண்ணே! டாக்டர் இல்லண்ணே! சமையக்காரம்மா! நீங்க வேற எதோ படத்தோட குழப்பிக்கிட்டீங்க!"

நவரத்தினம் பதறிப்போய், கடையிலிருந்த மற்ற வாடிக்கையாளர்களை ஒரு நோட்டம் விட்டார். இருவரையும் தேங்காய் மூட்டைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"மெல்லக் கதையுங்கோ! ஆர், சமையல்காரியோ? அட, நல்லாத்தான் எடுத்திருக்கிறாங்கள்."

"என்னண்ணே இது, புதுசாக் கேக்கிற மாதிரி கேக்கிறீங்க? அப்ப நீங்க அந்தப் படத்தைப் பார்க்கலையா?"

"நான் ஒரு படமும் பார்க்கிறேல்லைத் தம்பி, அட்டையைப் பார்த்து வாயில வந்த ஒரு முடிவைச் சொல்லிவிடுவன். அப்பதானே சனம் பாதியில நிப்பாட்டிப்போட்டு, அடுத்த நாள் காலமையே டிவிடியைக் கொண்டுவந்து தருகினம், நானும் உடன அடுத்த ஆளுக்கு வாடகைக்குக் குடுக்கிறன்!"