சான்றிதழ் நாளைக்குத்தான்

"பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்க" என்றார் வாகனப் பரிசோதனை நிலையத்து அதிகாரியம்மா.

மெக்கானிக் திறந்தார். சோதனைக் கருவியின் திரையில் டேங்க் அழுத்தம் இம்மியும் இறங்கவில்லை.

"மூடியைத் திறந்தா பூஜ்யம் காட்டணும். பிரஷர் சென்சார் செத்துப் போச்சு. நீங்க என்னடான்னா புது மூடி மாட்டியிருக்கீங்க. தலைவலிக்குத் தொப்பியை மாத்தின கதைதான்."

மெக்கானிக் அசடு வழிந்தார். இரண்டு தெரு தள்ளியிருந்த தன் பட்டறைக்கு வண்டியை ஓட்டிப் போனார். டேங்கை இறக்கி, அதன் தலையில் உட்கார்ந்திருந்த சென்சாரைக் கழற்றி, புதியதை மாட்டிக்கொண்டு நான்கு மணிக்கு வந்து நின்றார். மூடியைத் திறந்தால் இப்போது பூஜ்யம். மனிதருக்கு வாயெல்லாம் பல்.

"நல்ல வேலை. ஆனா சான்றிதழ் நாளைக்குத்தான். பழைய கோளாறுப் பதிவை அழிச்சிருக்கீங்க. வண்டி ஒரு ராத்திரி ஆறி நின்னாத்தான் கசிவு இருக்கா இல்லையான்னு அதோட கம்ப்யூட்டர் சோதிச்சுச் சொல்லும். பழைய சான்றிதழ் நேத்தோட முடிஞ்சது. அதனால பட்டறையைத் தவிர எங்கேயும் போகக் கூடாது."

"மேடம், அஞ்சு மணிக்கு இது ஆஸ்பத்திரியில நிக்கணும். வண்டிக்காரம்மாவோட பொண்ணுக்குக் குழந்தை பிறந்து நாலு நாள். முதல் பேத்தி. என் வண்டியிலதான் வீட்டுக்கு வரணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்களாம். வண்டி வரலைன்னா மாமியார் உரிச்சு உப்புக்கண்டம் போட்டுடுவாங்கன்னு, வண்டியை எங்கிட்ட விட்டுட்டுப் போன மருமகன் நடுங்குறார். அப்படி ஒரு அடங்காப்பிடாரி வாய்ச்சிருக்கு அவருக்கு."

"பாவந்தான்."

"அப்ப ஒரு சீல் போட்டா என்ன மேடம்? நீங்களும் பொண்ணு பெத்தவங்கதானே?"

"பெட்ரோல் ஆவி கசியுதான்னே தெரியாத வண்டியில நாலு நாள் குழந்தையை ஏத்துவீங்களா?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டால் போதாதா என்று ஆரம்பித்தவர், அதிகாரியம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "கல்லுல நார் உரிக்கலாம்" என்று முணுமுணுத்தபடியே வண்டியைத் திருப்பினார்.

வண்டி தெருமுனையில் மறைகிறவரை அதிகாரியம்மா பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கு அழுகை வரும் போலிருந்தது. கைப்பேசியை எடுத்தார்.

"மாப்பிள்ளை, நான்தான். ஆஸ்பத்திரிக்கு ஒரு டாக்சி சொல்லிடுங்க. நம்ம வண்டியை நான் ஃபெயில் பண்ணிட்டேன்."