யாருடா இந்தப் பச்சை மூஞ்சிக்காரன்?

"யாருடா இந்தப் பச்சை மூஞ்சிக்காரன்?"

அப்பா கேட்டதும் மகன் ரிமோட்டை அழுத்தி டிவியை நிறுத்தினான்.

"கப்பலோட டாக்டர்ப்பா. போன சீசன் முழுக்க வந்தான். இப்பதானே கேப்டனோட சண்டை போட்டான்? பார்த்துட்டுதானே இருந்தீங்க?"

"எதுக்குச் சண்டை?"

மகன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்த மருமகள், "பாவம் மாமா. முதல்லேருந்து சொல்லுங்களேன்" என்றாள்.

வேண்டா வெறுப்பாகச் சொன்னான்.

அது விண்வெளி சீரியல். அவன் பிறப்பதற்கு முன்பே ஆரம்பித்து இன்னும் முடிந்தபாடில்லை. பழைய எபிசோடுகள் ஒரே இடத்தில் கிடைக்காது. இணையத்தில் சல்லடை போட்டுத் தேடி, வரிசை தப்பாமல் சேர்த்து வைத்திருப்பவள் அவன் மனைவி. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் தினம் ஒன்று. போடுவது மகன். நிறுத்த வைப்பது அப்பா.

மறுநாள், "கண்ணு அசந்துட்டேன்டா. கொஞ்சம் பின்னாடி போடேன்."

அதற்கு மறுநாள், "இந்த ரோபோ செத்துப் போச்சே, எப்படி எழுந்து வந்துச்சு?"

மகனுக்கு எரிச்சல் போய் பயம் பிடித்துக்கொண்டது. அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். பிதுங்கி வழியும் கூட்டத்திலும் எவன் டிக்கெட் எடுக்கவில்லை என்று மூஞ்சியைப் பார்த்தே சொன்ன மனுஷன். நாளைக்குப் பெற்ற பிள்ளையையே "யாருடா நீ?" என்று கேட்டுவிட்டால்?

லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் அழைத்துப் போனான்.

"பெரியவரே, சமீபத்துல டிவியில பார்த்தது ஏதாவது ஞாபகம் இருந்தா சொல்லுங்க" என்றார் டாக்டர்.

அப்பா ஆரம்பித்தார். பச்சை மூஞ்சிக்காரன் கேப்டனோடு ஏன் மல்லுக்கு நின்றான், செத்த ரோபோவுக்குப் புதுத் தலை மாட்டியது யார், அதற்குக் கப்பலில் எவன் எவன் உடந்தை, எல்லாம் வந்தது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நானும் அதைப் பார்க்கிறவன்தான். தலை மாட்டினது சமையல்காரன் இல்லையா?"

"அது அண்ணன் ரோபோவுக்கு. நீங்க குழப்பிக்கிறீங்க."

டாக்டர் மகன் பக்கம் திரும்பினார். "உங்கப்பாவுக்கு ஒண்ணும் இல்ல தம்பி. நான்தான் யார்கிட்டயாவது காட்டணும் போலிருக்கு."

வெளியே வந்ததும் மகனுக்கு முதலில் உயிர் வந்தது. பின்னாலேயே கோபமும் வந்தது.

"எவ்வளவு பயந்துட்டேன் தெரியுமாப்பா? எல்லாம் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு எதுக்கு என்னைத் தினம் கதை சொல்ல வெச்சீங்க?"

அப்பா நிதானமாகச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"தேடிப் பிடிச்சுக் கொண்டு வர்றவ அவ. நீ சாப்பிட்ட கை காயறதுக்குள்ள போட்டுடுறே. அவ பாத்திரம் கழுவிட்டு வர்றதுக்குள்ள பாதி ஓடிடுது. நான் கழுவுறேன்னு போனா கிட்ட விட மாட்டேங்கிறா."

மகன் குனிந்து தன் செருப்பைத் தேடினான்.

"நீ என்னிக்கு அவகூட நின்னு பாத்திரம் கழுவுறியோ, அன்னிலேருந்து எனக்கு எல்லாம் புரிஞ்சிடும்டா."