குதிரைக்கு ஒரு வெள்ளரிக்காய்

"நீ செடிக்குத் தண்ணி ஊத்துறியா, வெந்நீர் ஊத்துறியா?"

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நாத்தனார் தொகுயே கேட்டது தெருக்கோடி வரை கேட்டிருக்கும். காது கேட்காதவர்களுக்குத் தொண்டை பெரிது.

மிசாயோ வாடிய கொடியைத் தூக்கிப் பார்த்தாள். கொல்லையில் ஆறு வெள்ளரிச் செடிகள் இருந்தன. இன்றோடு நான்கு போய்விட்டன. முந்தின நாள் பச்சைப் பசேலென்று நிற்கும் கொடி, மறுநாள் வெயில் ஏறுவதற்குள் ஈரத்துணி மாதிரி தொங்கிவிடுகிறது.

"பதிமூணாம் தேதி போன் பண்டிகை, செத்தவங்க வீடு தேடி வர்ற நாள். செத்துப்போன என் தம்பி வீட்டுக்கு வர்ற மொத போன். குச்சிக்கால் குத்திக் குதிரை செய்ய வெள்ளரிக்கா இல்லன்னா எதுல ஏறி வருவான்?"

"கடையில வாங்கிக்கலாம் அக்கா!" மிசாயோ கத்தினாள்.

"கடைக்காய்ல ஏறுவானா அவன்? அவன் நட்ட செடியில காய்ச்சதுதான் வேணும்!"

நாத்தனார் சொன்னதில் தப்பில்லை. மிசாயோவின் புருஷன் தெத்சுரோ மே மாதம் இந்த ஆறு கன்றுகளை நட்டான், ஜூனில் செத்துப்போனான். கடைசி நாளில், தான் ஒருமுறை ஒடித்த அதே மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, மிசாயோவின் காதோடு சொன்னான்.

"என் செடியில காய்ச்ச காயில குதிரை செஞ்சு வை. மொத போனுக்கே வந்து உன்னையும் கூட்டிட்டுப் போறேன்."

அப்போது அறையில் தொகுயேயும் இருந்தாள். இருந்து என்ன? இருபத்திரண்டு வருஷம் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவளுக்கு, இந்தப் பக்கம் விழுந்த ஒரு அடிகூடக் கேட்டதில்லை. அவள் வீட்டு டி.வி.தான் எந்நேரமும் அலறும்.

தண்ணீர் ஊற்றவும் மிசாயோவுக்குப் பயம். ஊற்றாமல் விட்டால் அதைவிடப் பயம். இப்போதோ செடிகள் தானாகவே சாகின்றன. குதிரைக்குக்கூடக் காத்திராமல் அவன் வந்துவிட்டானோ? மண்ணுக்கு அடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடித்து இழுக்கிறானோ?

மூன்றாவது வீட்டு மொமோசேயைக் கூப்பிட்டாள். விவசாயக் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருஷம் செடிகளுக்கு வைத்தியம் சொன்னவர்.

அவர் வாடிய தண்டைக் குறுக்கே அறுத்துப் பார்த்தார்.

"உள்ள பழுப்பு வளையம் இல்ல. மண்ணுல வர்ற வாடல் நோய் இல்ல."

அறுத்த இரண்டு முனைகளையும் ஒட்டிவைத்து, மெல்லப் பிரித்தார்.

"நூல் இழுக்கல. வண்டு கொண்டு வர்ற நோயும் இல்ல. சாயங்காலம் கொஞ்சம் நிமிருதா?"

"இல்லீங்க. படுத்தா படுத்ததுதான்."

"அப்போ வேரப் பாத்துருவோம். முடிச்சு முடிச்சா இருந்தா புழு."

மீதித் தண்டைப் பிடித்து இழுத்தார். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. கையோடு வந்தது. அடியில் வேர் இல்லை.

"பெருச்சாளியா?"

"பெருச்சாளி கடிச்சா நார் நாரா இருக்கும்மா. இது ஒரே வெட்டு. வெட்டிட்டு மண்ணைத் தட்டி மூடி வேற விட்டிருக்கு." அவர் குரல் இறங்கியது. "வீட்டுல வேற யாராவது இருக்காங்களா?"

"நான் ஒருத்திதான்."

மொமோசே டீக்குக்கூட நிற்கவில்லை.

"என்ன நோயாம்?" வேலிக்கு மேல் தொகுயேயின் தலை தெரிந்தது.

"தெரியலையாம் அக்கா!"

"தெரியாததுக்கு எதுக்கு வைத்தியன்?"

மறுநாள் ஐந்தாவது செடியும் படுத்தது. மிச்சம் ஒன்றே ஒன்று. அதில் விரல் நீளத்துக்கு ஒரு பிஞ்சு.

பதிமூன்றாம் தேதி விடிந்தும் விடியாத நேரம். மிசாயோ அடுப்படி ஜன்னலைத் திறந்தாள்.

பனிமூட்டத்தில், பந்தலுக்கு அடியில் தெத்சுரோ குந்தியிருந்தான். அதே வைக்கோல் தொப்பி. ஜூனிலிருந்து பந்தல் காலில் தொங்கிய அதை யாரும் தொட்டதில்லை. அதே கூன் விழுந்த தோள்கள். கை செடியின் அடி மண்ணைத் துழாவிக்கொண்டிருந்தது.

கதவைத் தாழ்போட்டு உள்ளேயே ஒடுங்கிக்கொள்ளத்தான் மிசாயோவுக்குத் தோன்றியது. இருபத்திரண்டு வருஷமும் அதைத்தானே செய்தாள்! போதும் என்று இருந்தது. செருப்புகூடப் போடாமல் வெளியே வந்தாள்.

"யாரு?"

வாயிலிருந்து வந்தது வெறும் காற்றுதான். ஆனாலும் தொப்பி சட்டென்று திரும்பியது.

தொகுயே! கையில் புல் அறுக்கும் அரிவாள். காலடியில் கடைசிச் செடி சாய்ந்து கிடந்தது.

"நீங்களா? ஏன் அக்கா?" பழக்கதோஷத்தில் மிசாயோ கத்தினாள்.

"கத்தாதடி."

இவ்வளவு மெல்லிய குரல் நாத்தனாருக்கு உண்டு என்பதே அவளுக்குத் தெரியாது.

தொகுயே அந்தப் பிஞ்சைப் பறித்தாள். மண்ணைக்கூடத் துடைக்காமல் கடித்து, காம்பு வரைக்கும் மென்று தின்றாள்.

"குதிரை தீந்துச்சு" என்றாள். ஏப்ரன் பையிலிருந்து குச்சிக்கால் வைத்த கத்தரிக்காய் மாடுகள் இரண்டை எடுத்து மிசாயோவின் கையில் வைத்தாள். "இந்த வருஷம் ரெண்டும் மாடுதான். திரும்பிப் போறதுக்கு மட்டும். மொத போனுக்கே வந்து கூட்டிட்டுப் போறேன்னானே, எப்படி வர்றான்னு பாப்போம்."

மிசாயோ நிமிர்ந்து பார்த்தாள். "அதை அவர் என் காதோட இல்ல சொன்னார்? உங்களுக்கு எப்படி..."

தொகுயே தொப்பியைக் கழற்றினாள். மிசாயோவின் முகத்தைப் பார்க்காமல், இரண்டு வீட்டுக்கும் பொதுவான அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்குக் காது நல்லாவே கேக்கும், மிசாயோ. இருபத்திரண்டு வருஷமும் கேட்டுச்சு."