யாழினி பாஸாகக் கூடாது

"யாழினி பெயிலாவணும் சார். அப்டி எழுதுங்க."

கேட்டுக்கு வெளியே நின்றபடி அந்த அம்மா சொன்னதைக் கேட்டதும் ஷ்யாம்சுந்தருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகம்தான் புதுசு. குரல் நன்றாகத் தெரிந்த குரல்.

பள்ளிக்கரணை ஜெயக்கொடி. வாரப் பத்திரிகையில் ஷ்யாம்சுந்தர் எழுதும் தொடர்கதையைப் படித்துவிட்டு, வாராவாரம் போன் செய்து இந்த ஒரே வரியைச் சொல்கிறவர். ஏன் என்று கேட்டால் பட்டென்று கட் செய்துவிடுவார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, போன வாரம்தான் ஷ்யாம்சுந்தர் அந்த நம்பரை பிளாக் செய்தார். இப்போது அந்த அம்மா விலாசம் விசாரித்துக்கொண்டு சேலையூர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

யாழினிதான் அந்தத் தொடர்கதையின் நாயகி. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, இன்ஜினீயரிங் காலேஜில் விழி பிதுங்கி நிற்கிற பெண். மேத்ஸ் பேப்பரில் அரியருக்கு மேல் அரியர். அடுத்த வாரம் கடைசி அத்தியாயம். யாழினிக்கு ரிசல்ட்.

அவளுக்காகத் தாம்பரம் எலெக்ட்ரிக் ட்ரெயினில் லேடீஸ் கம்பார்ட்மெண்டே கவலைப்பட்டது. குரோம்பேட்டை வாசகி ஒருவர் குன்றத்தூர் முருகனுக்கு யாழினி பேரில் அர்ச்சனையே செய்துவிட்டார். குருக்கள் நட்சத்திரம் கேட்க, சன்னதியிலிருந்தே எழுத்தாளருக்குப் போன் போட்டார். அவரும் கொஞ்சம் யோசித்துவிட்டு "ரோகிணி" என்றார்.

ஊரே இப்படி உருகிக்கொண்டிருக்க, இந்த ஒரு ஜென்மத்துக்கு மட்டும் வயிற்றெரிச்சல்.

"யாருங்க?" என்று கேட்டபடி மனைவி ஸ்நேகா வந்தார்.

"அதான், பெயிலாக்கச் சொல்ற அம்மா."

ஸ்நேகாவின் முகம் மாறியது. ஹாஸ்டல் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் யாழினி அழுத அத்தியாயத்தைப் படித்துவிட்டு அன்றைக்குச் சமைக்காமலே உட்கார்ந்திருந்தவர் அவர்.

"ஏம்மா, ஒரு பொண்ணு கஷ்டப்பட்டுப் படிச்சு மேல வந்தா உங்களுக்கு என்ன நஷ்டம்?"

"நஷ்டம் கீது" என்றார் ஜெயக்கொடி. குரலில் கொஞ்சமும் இரக்கம் இல்லை.

"இதோ பாருங்க" என்றார் ஷ்யாம்சுந்தர். "கடைசி சாப்டர் எழுதி முடிச்சாச்சு. யாழினி பாஸ். அதுவும் சாதாரண பாஸ் இல்ல, காலேஜே எழுந்து நின்னு கைதட்டுது. சாயந்தரம் பத்திரிகைக்கு அனுப்பப் போறேன். நீங்க கிளம்பலாம்."

"அது எப்டி சார்? போன வாரம் வரைக்கும் ஒண்ணும் புரியாம முழிச்சிகினு இருந்தவ. கடைசி வாரம் வந்தா மட்டும் தலைக்குள்ள லைட்டு எரிஞ்சிடுமா?"

"கதைன்னா நம்பிக்கை குடுக்கணும்மா."

"யாருக்கு?"

"கஷ்டப்படுற பிள்ளைங்களுக்கு." அவருக்குக் குரல் உயர்ந்துவிட்டது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அதைப் பற்றியும் கவலைப்படவில்லை. "எத்தனை பசங்க இதைப் படிக்கிறாங்க தெரியுமா? கொஞ்சம்கூட மனசாட்சியே இல்லையா உங்களுக்கு? உங்களுக்குன்னு ஒரு பொண்ணு இருந்தா இப்படி வந்து நிப்பீங்களா?"

"கீறா சார்."

ஜெயக்கொடி கேட்டுக்கு இன்னும் பக்கத்தில் வந்தார்.

"ஒரே பொண்ணு. உங்க யாழினி எழுதுற அதே மேத்ஸ் பேப்பர்தான். திரும்பத் திரும்ப எழுதிகினு கீறா. உங்க கதை முடியுற வாரந்தான் அவளுக்கும் ரிசல்ட்டு. பாஸாவ மாட்டோம்னு அவளுக்கே தெரியும். எனக்கும் தெரியும்."

"இதை முதல்லயே போன்ல சொல்லியிருக்கலாமே?" என்றார் ஸ்நேகா.

"எப்டிம்மா சொல்றது? நாள் பூரா என் பக்கத்துலயே குந்திகினு இருப்பா. அவ அந்தாண்ட எழுந்து போனா போன் போடுவேன். சார் ஏன்னு கேக்குறதுக்குள்ள திரும்பி வந்துடுவா. வச்சிடுவேன்."

ஜெயக்கொடி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நாங்க யாரும் திட்டல சார். 'போனா போவுது, நம்ம ஹார்டுவேர் கடையப் பாத்துக்கோ'ன்னு அவங்கப்பாகூட சொல்லிட்டாரு. எங்க பேச்சு அவ காதுலயே ஏறல. யாழினி பேசினா மட்டுந்தான் ஏறுது. 'பாரும்மா, கடைசில யாழினியும் பாஸாயிடுவா, நான் ஒருத்திதான் மக்கு'ன்றா. சோறு எறங்கல. ராத்திரில கதவ சாத்திக்கப் போறாளேன்னு அவ ரூம் வாசல்லயே படுத்துகினு கீறேன்."

ஸ்நேகா அவசரமாகக் கேட்டைத் திறந்தார். "உள்ள வாங்கக்கா" என்றார். ஜெயக்கொடி நகரவில்லை.

"யாழினியும் பெயிலாயிட்டா உங்க பொண்ணு இன்னும் ஒடிஞ்சு போயிட மாட்டாளா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார் ஷ்யாம்சுந்தர்.

"பாஸான பொண்ணுங்க கதை ஊரு பூரா கீது சார். பெயிலான பொண்ணு மறுநாள் காத்தால எழுந்து, பல்லு வெளக்கி, ரெண்டு இட்லி துன்னுட்டு, அம்மாகூட சண்டை போட்டான்னு ஒரே ஒரு வாட்டி எழுதிக் குடுங்க. அதப் படிச்சிட்டு எம் பொண்ணும் எழுந்துப்பா."