வடித்த எண்ணெய்

இடவப்பாதிப் பருவமழை, நெடியதொரு மன்றாட்டைப் போலப் பாறசாலை மண்ணின்மேல் ஓயாது இறங்கிக்கொண்டிருந்தது. ரப்பர் மரங்கள் கத்தி படாமல் இளைப்பாறி நின்றன. மரச்சீனித் தோட்டங்கள் நீரில் முழங்காலிட்டிருந்தன. வெள்ளறடை மலைகள் மேகத்தால் முகம் மூடி, யாரையோ எதிர்நோக்கி மௌனம் காத்தன.

"எனக்க ரெண்டு கண்ணால பாத்தேன் ஜிஜா! சின்னக் குப்பியில இருந்து மஞ்சளா என்னவோ எஞ்சினுக்குள்ள ஊத்தினான். உதட்ட அசச்சிக்கிட்டே ஊத்தினான். எந்தக் கோயில் எண்ணெயோ, ஆருக்குத் தெரியும்?"

கிறிஸ்தவ ஆலயத்தைத் திறந்து மூடி மணியடிக்கும் கனகதாஸ், மெக்கானிக் வேலாயுதனின் பட்டறைக்குள் நனைந்த குடையை ஊன்றியபடி நின்றார். வேலாயுதன் மேல் அவர் எழுப்பிய புகாரை விசாரிக்கச் சபைக் கமிட்டி அனுப்பியிருந்தவள் ஜிஜா. நெய்யாற்றங்கரையில் வங்கி வேலை. யார் பக்கமும் சாயமாட்டாள் என்று பேர்.

நடுவில் நின்றது சபையின் பழைய ஜீப். மலையோரத்துச் சிறுநீரக நோயாளிகளை டயாலிசிஸுக்கு ஏற்றிப்போகும் வண்டி. சென்ற மழைக்காலத்தில் ஏற்றத்தில் அது செத்து நின்றபோது, உள்ளே மூச்சுத் திணறிக் கிடந்தவள் கனகதாஸின் மனைவி ஆனந்தபாய். இப்போது எஞ்சினைப் பிரித்துப் புதுப்பித்தாயிற்று. நாளை ஆராதனை முடிந்ததும் அர்ப்பணிப்பு. ஆனால் இன்னும் ஒருமுறைகூட ஸ்டார்ட் செய்யவில்லை.

"என்னவாக்கும் அண்ணா அது?" என்றாள் ஜிஜா.

வேலாயுதன் குப்பியை எடுத்துக் காட்டினான். "சிங்க், அதான் துத்தநாகம், சேந்த மருந்தாக்கும் பிள்ளே. இந்தப் பழைய எஞ்சின்ல இரும்பு இரும்பு மேல உரசித்தான் ஓடும். மொத ஓட்டத்துல ஒண்ணுக்கொண்ணு பழகியிருக்காது. ஒண்ண ஒண்ணு தின்னுரும். சிங்க் நடுவுல படிஞ்சு, அந்தத் தேய்மானத்தத் தான் வாங்கிக்கிடும். இரும்பு தப்பிச்சிரும்."

"கடையில வாங்குற ஆயில்ல அது இல்லியா?"

"உண்டு, இப்போ கொறச்சிட்டாவ. புது வண்டியில புகைய சுத்தமாக்க ஒரு சாதனம் உண்டு. அதுக்கு சிங்க் ஆகாது. இந்தக் கெழவன் ஜீப்புக்கு அந்தச் சாதனமெல்லாம் ஏது? அதுக்காகக் கொடங்கொடமா ஊத்தவும் கூடாது. அளவு உண்டு."

"உதட்ட அசச்சது எதுக்குலே?" கனகதாஸ் விடவில்லை.

"அளவு எண்ணினேன் அண்ணா. நீங்க காணிக்கை எண்ணும்போ உதடு அசையாதா?"

ஜிஜா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கனகதாஸ் சிரிக்கவில்லை. குடை முனையால் மூலையிலிருந்த வாளியைக் காட்டினார்.

"செரி, இது என்ன? நேத்து சாயங்காலம் நான் இங்க ஜெபம் பண்ண வந்தப்போ எஞ்சின்ல நெறஞ்சிருந்த புது ஆயிலாக்கும். ஓடாத வண்டியில ஆராவது ஆயில வடிப்பாவளா? அதுல என்ன இருந்துதுன்னு ஒனக்குத் தெரியுமாலே?" அவர் குரல் உடைந்தது.

சிங்கைப் பற்றி அத்தனை பேசியவன், இப்போது கந்தல் துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான்.

"வடிக்க வேண்டி வந்துது. வேற புதுசு ஊத்திட்டேன். கமிட்டிக்கு அது செலவில்ல."

"காரணம் சொல்லணும் அண்ணா," என்றாள் ஜிஜா. "இல்லேன்னா வண்டிய வேற பட்டறைக்குக் கொண்டுபோவச் சொல்லியிருக்காவ."

சபை வண்டி கயிறு கட்டித் தன் பட்டறையை விட்டு இழுபட்டுப் போனால், அதன்பின் எவர் வண்டியும் இங்கே வராது என்பது வேலாயுதனுக்குத் தெரியும். அவன் முகம் வாடிற்று.

"கொண்டு போங்க பிள்ளே. காரணம் மட்டும் கேக்காதீங்க."

ஜிஜாவின் மனம் முதன்முறையாகச் சாய்ந்தது. ஒளிக்க ஏதுமில்லாதவன் ஏன் ஒளிக்கிறான்? கமிட்டியைக் கூப்பிட அவள் கைப்பேசியை எடுத்தாள்.

"அங்க பாரு ஜிஜா!" கனகதாஸ் கூவினார். "சாமி படத்துக்கு முன்னால! பூ வச்சு ஒரு குப்பி! நான் சொன்னேன்லா, கோயில் எண்ணெய்தான்னு?"

முருகன் படத்தின் முன்னே, விளக்கொளியில், ஒரு செம்பருத்தி சாத்தி வைக்கப்பட்டிருந்தது சிறு குப்பி. வேலாயுதன் தடுக்கக் கை நீட்டுமுன் ஜிஜா அதை எடுத்துவிட்டாள். திருப்பிப் பார்த்தாள். கண்ணாடியில் புடைத்திருந்தது ஒரு சிலுவை. ஒவ்வொரு பயணத்துக்கும் முன் ஆனந்தபாயின் நெற்றியில் பூசுவதற்காகக் கனகதாஸ் சட்டைப்பையில் கொண்டுநடக்கும் ஜெப எண்ணெய்க் குப்பி.

குடை கீழே விழுந்தது.

"வண்டி இனி வழியில நிக்கப்புடாதுன்னு... முழுசும் ஊத்திட்டேன் மக்கா," என்றார் கனகதாஸ், மிக மெல்ல.

"எஞ்சினுக்குள்ள அது பிசினாப் பிடிச்சிரும் அண்ணா, அதான் வடிச்சேன். குப்பி பேட்டரிப் பக்கம் கெடந்துது. பிரார்த்திச்ச பொருள், தூர எறிய மனசு வரல்ல." வேலாயுதன் குப்பியை வாங்கி அவர் உள்ளங்கையில் வைத்தான். "அடியில ஒரு சொட்டு உண்டு. வெளியில பூசுங்க. உள்ள சிங்க் பாத்துக்கிடும்."

முதல் ஓட்டத்தில் எஞ்சினின் வேகம் தணிந்துவிடாதபடி அவன் ஆக்சிலேட்டரை மிதித்திருந்த நேரமெல்லாம், கனகதாஸ் கண்மூடி நின்று அந்தச் சொட்டைப் பானட்டின் நெற்றியில் பூசினார். பிறகு எண்ணெய் மிஞ்சிய அதே கையை ஜன்னல் வழியே நீட்டி, அவன் தலைமேல் வைத்தார்.

"நல்லா இரு மக்கா."