ஆறாம் நம்பர் வீடு

"அடப்பாவி மனுஷா, எழுந்திரு! வீடு பார்க்க ஆளுங்க வர்றாங்க, இப்படி வழியில விழுந்து கெடக்கியே!"

மனைவி தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள். லிஃப்ட்டு எழுந்திருக்கவில்லை. காலை பதினோரு மணிக்கு, கையில் பாட்டிலோடு, வழிக்குக் குறுக்கே நீட்டிப் படுத்துக்கொண்டு, வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிக்கொண்டிருந்தான்.

லிஃப்ட் ரிப்பேர் வேலை, அதனால் அந்தப் பேர். ஆள் இதுவரை ஒரு சொட்டுக் குடித்ததில்லை. பாட்டிலில் இருந்தது பால் ஊற்றாத டீ.

அந்த வரிசையில் எட்டு வீடு, ஓனர் ஒருத்தர். காலியாகிற வீடு என்ன வாடகைக்குப் போகிறதோ, அடுத்த மாதமே மற்ற ஏழு வீட்டுக்கும் அதே வாடகை. இது ஓனர் போட்ட சட்டம்.

வீடு பார்க்க வருகிறவர்களை விரட்டிக்கொண்டே இருந்தால், ஓனர் அலுத்துப்போய்ப் பழைய வாடகைக்கே விட்டுவிடுவார். இது ஒன்றாம் நம்பர் பிரசிடெண்ட்டம்மா போட்ட சட்டம். அவளை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அவளாகவே பிரசிடெண்ட் ஆனவள்.

மூன்றாம் நம்பர், வருகிறவர்கள் காலில் அழுக்குத் தண்ணீரை ஊற்ற வேண்டும். ஐந்தாம் நம்பர், "நேத்தும் திருட்டு" என்று புலம்ப வேண்டும். குடிகாரன் வேஷம் லிஃப்ட்டுக்கு, தலையில் அடித்துக்கொள்கிற வேஷம் அவன் மனைவிக்கு. நகரம் முழுக்க வாடகை எகிற, இந்த வரிசை மட்டும் தாக்குப்பிடித்தது இப்படித்தான்.

அன்றைக்கும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"எவன்டா அது, என் வாசல்ல..." என்று ஒரு கண்ணைத் திறந்தான்.

புரோக்கருக்குப் பின்னால் அவன் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்தபடி சின்ன மகள்.

போன வாரம்தான் அக்கா போன் செய்திருந்தாள். "ஆறாம் நம்பர் காலியாமேடா? எங்களை மாசக் கடைசிக்குள்ள போகச் சொல்லிட்டாங்க. ஏழு ஏரியா அலைஞ்சிட்டேன். எங்க கேட்டாலும் யானை விலை, குதிரை விலை சொல்றான்."

அவன் பிரசிடெண்ட்டம்மாவிடம் போய்க் கேட்டான்.

"அக்காவா இருந்தா? உங்க மச்சான் ஆம்புலன்ஸ் ஓட்டுறார், மாசம் பொறந்தா சம்பளம். ஓனர் மோப்பம் பிடிச்சு ஏத்திடுவார். சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான் தம்பி. இன்னிக்கு உனக்கு விட்டா, நாளைக்கு எனக்குன்னு நானும் கேப்பேன்ல?"

அக்காவிடம் "பாக்குறேன், பாக்குறேன்" என்று இழுத்தடித்தான். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, புரோக்கரைப் பிடித்து நேரே வந்துவிட்டாள்.

இப்போது ஒன்றாம் நம்பர் ஜன்னலில் பிரசிடெண்ட்டம்மா நின்றாள். வந்திருப்பதோ ஓனரின் புரோக்கர். எழுந்து உட்கார்ந்தால் ஏழு வீட்டு வேஷமும் அந்த நிமிஷமே கலைந்துவிடும்.

லிஃப்ட்டு கண்ணை மூடிக்கொண்டான்.

"மாமா ஏம்மா தரையில படுத்திருக்கு?"

"மாமாவுக்கு உடம்பு சரியில்லடி. வா, போலாம்."

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனான். பாதி சாமான் மூட்டையாகியிருந்தது. நகரத்தைத் தாண்டி எங்கேயோ ஒரு வீடு கிடைத்திருந்தது. பிள்ளை விடியுமுன் கிளம்பி ரெண்டு பஸ் மாறிப் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

டீ, வேஷம், சட்டம் என்று ஒன்றுவிடாமல் சொன்னான். அக்கா கேட்டுக்கொண்டே மூட்டையில் கயிற்றைச் சுற்றினாள்.

"நெஜமாவே குடிச்சிருந்தா மன்னிச்சிருப்பேன்டா" என்றாள். கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

அடுத்த ஞாயிறு. வழியெல்லாம் கழுவிவிட்டிருந்தது. ஆறாம் நம்பர் வாசலில் ஒரு புது மிதியடி. பிரசிடெண்ட்டம்மா வீடு வீடாக வந்தாள்.

"இன்னிக்கு யாரும் ஒண்ணும் பண்ண வேணாம். எம் பொண்ணும் மாப்பிள்ளையும் வீடு பார்க்க வர்றாங்க."

"மாப்பிள்ளை பெரிய ஆபீசராச்சேம்மா" என்றான் லிஃப்ட்டு.

"ஆமா. ஓனர் கேட்டதுக்கு மேலயே தர்றேன்னுட்டார். தங்கமான மனுஷன்."

"அப்ப எங்க வாடகை?"

"கொஞ்சம் ஏறத்தான் செய்யும். பொண்ணு பக்கத்துல இருந்தா எனக்கும் ஒத்தாசை. அனுசரிச்சுப் போகணும் தம்பி."

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுன்னீங்க. எங்க அக்காவைத் தொரத்தினோமே?"

"நல்லா இருக்கே நியாயம்! கூடப் பொறந்தவளும் பெத்த பொண்ணும் ஒண்ணா?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "நீ உள்ள போய்க் கதவைச் சாத்திட்டுப் படு. மாப்பிள்ளை கண்ணுலயே படாத. உன் மூஞ்சியைப் பார்த்தாலே குடிகாரன்னு தோணுது."

"சரிம்மா" என்றான்.

உள்ளே வந்தான். மனைவி அவன் முகத்தைப் பார்த்தாள். அடுப்பில் தண்ணீரை வைத்து, டீத்தூளைக் கை நிறைய அள்ளிப் போட்டாள்.

கார் வந்து நின்றபோது லிஃப்ட்டு வீட்டுக்குள் இல்லை. ஆறாம் நம்பர் வாசலில், பாட்டிலை அணைத்துக்கொண்டு, அந்தப் புது மிதியடியில் தலை வைத்துப் படுத்திருந்தான்.